கற்றுக்குட்டியின் கட்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்த நண்பர்கள் இருவர், மேஜைமேல் இருந்த ஒரு பொம்மையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் கவிஞர். "என்னய்யா இது, கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார். இன்னொருவர் மார்க்சீயர், விமர்சனம் எழுதுகிறவர். பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பெட்டி என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "உன் ஓய்வு நேரத்தையே பெட்டியில் போட்டு உனக்கு விற்கிறான். நீ காசும் கொடுத்து வேலையும் செய்கிறாய்" என்றார். காப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. நேரில் வாதம் செய்ய எனக்கு என்றுமே வந்ததில்லை. எழுதிப் பார்த்தால்தான் என் கட்சி என்னவென்று எனக்கே தெரியும். ஆகவே இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் ஆடப்படும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர், ஆளுக்கொரு படை, ஓர் அளவுநாடா, கைநிறையப் பகடைகள். படை என்பது தனித்தனியாக நிற்கும் சிற்றுருவங்கள். 28 மில்லிமீட்டர் என்று அளவு சொல்வார்கள். உள்ளங்காலிலிருந்து கண் வரைக்குமான உயரம் என்று ஒரு கணக்கு. கேஷ் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு அளவுகள் நாணயத்தில்தான் புரியும். நம் பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அதை மேஜைமேல் நிமிர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு சிப்பாயின் உயரம். அந்த உயரத்துக்குள் முகம், விரல்கள், இடைவாரின் கொக்கி, மேலங்கியின் மடிப்பு எல்லாம் செதுக்கப்பட்டிருக்கும். வர்ணம் மட்டும் இருக்காது. வர்ணம் வாங்கியவன் பாடு.

இந்த உலகத்துக்கு ஒரு தலைநகர் உண்டென்றால் அது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். ஒரு காலத்தில் லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர். 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனி பின்னால் அங்கே போய் நிலைகொண்டது. 1983-ல் வார்ஹாமர், 1987-ல் வார்ஹாமர் 40,000 என்று அதன் இரண்டு பெரிய விளையாட்டுகள் வந்தன. அங்கே வேலை பார்த்து வெளியேறியவர்கள் ஆரம்பித்த கம்பெனிகளும் அந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. முன்பு ஈயக் கலவையில் வார்த்தார்கள். 1990களில் ஈயத்தைக் கைவிட்டார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்.

என் கைக்கு இது வந்தது தற்செயல். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நண்பன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பத்துச் சிப்பாய்கள். சிப்பாய்கள் என்று சொல்வதுகூட அவசரம். பிளாஸ்டிக் சட்டங்களில் கை, கால், தலை, ஈட்டி என்று பிரித்து ஒட்டிக்கொண்டிருந்த அவயவங்கள். அவற்றை வெட்டியெடுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். ஒட்ட வேண்டும். பிறகு அடிப்பூச்சு. நான் அடிப்பூச்சை ஸ்ப்ரே டப்பாவில் அடித்தது மழைக்காலத்தில். காற்றின் ஈரத்தில் அது மேலெல்லாம் ரவையைத் தூவியது போலச் சொரசொரப்பாக விழுந்தது. அதன்மேல் வர்ணத்தைக் குப்பியில் இருந்தபடியே, தண்ணீர் சேர்க்காமல், அப்பினேன். காய்ந்த பிறகு என் முதல் சிப்பாய் இட்லி மாவில் முக்கியெடுத்த மாதிரி நின்றான். கொக்கி இல்லை. விரல்கள் இல்லை. முகம் இருந்த இடத்தில் ஒரு ரோஸ் நிற மேடு. எவனோ ஒரு சிற்பி செதுக்கிக் கொடுத்ததையெல்லாம் ஒரு மணி நேரத்தில் நான் மூடிவிட்டேன். எனக்கு வயது முப்பத்தாறு. அன்றைக்கு இருந்தது போன்ற வெட்கம் கல்லூரியில் முதல் கவிதை திரும்பி வந்தபோதுகூட இருந்ததில்லை.

இனி கவிஞரின் தீர்ப்பு. இது குழந்தைத்தனம் என்கிறார். இதற்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது, இலக்கியவாதிகளை வாயடைக்கச் செய்யும் பதில். 1826-ல் பாட்ரிக் பிரான்ட்டே லீட்ஸிலிருந்து தன் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிரான்ட்டே குழந்தைகள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள், தேசம் கொடுத்தார்கள், அந்தச் சிப்பாய்கள் கையில் பிடிக்கும் அளவுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்களை எழுதினார்கள். ஆங்க்ரியாவும் கோண்டாலும் அங்கிருந்து வந்தன. ஸ்டீவன்சன் டாவோஸில் நோய்க்காகத் தங்கியிருந்தபோது தன் மனைவியின் மகனோடு தரையில் தகரச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்தினார். ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிகளையே புத்தகமாகப் போட்டார். பெரிய யுத்தத்துக்குப் பதில் இந்தச் சின்ன யுத்தத்தை ஆடித் தொலையுங்கள் என்பது அதில் அவர் கட்சி. அடுத்த வருஷமே பெரிய யுத்தம் வந்தது.

இந்தப் பதிலை நான் சொல்லப்போவதில்லை. பெரிய பெயர்களின் நிழலில் போய் ஒதுங்குவது நம்மிடம் இருக்கும் பழைய வியாதி. எமிலி பிரான்ட்டே மரச் சிப்பாயோடு விளையாடினாள் என்பதால் என் பிளாஸ்டிக் சிப்பாய்க்கு ஒரு கௌரவமும் வந்துவிடாது. தவிர, இவர்கள் எல்லோரும் விளையாடினார்கள். நான் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆட ஆளும் இல்லை. நான் செய்வது வர்ணம் தீட்டுவது. தீட்டுவது என்றுகூடச் சொல்லக்கூடாது, தீட்டக் கற்பது. குழந்தைக்கும் எனக்கும் இங்கேதான் வித்தியாசம். குழந்தைக்குப் பொம்மை எப்படி இருந்தாலும் அது ராஜா. அது தன் கற்பனையால் குறையை நிரப்பிக்கொள்ளும். எனக்கு அந்த வசதி இல்லை. என் குறை என் எதிரே 28 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குழந்தைத்தனம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், தன் குறை கண்ணில் படாமல் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மார்க்சீய நண்பரின் தீர்ப்பு இதைவிடக் கனமானது. அதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருக்குத் தெரியாத ஒரு சாட்சியத்தையும் அவர் பக்கத்தில் வைக்கிறேன். வெல்ஸின் தரையில் நின்ற சிப்பாய்கள் வில்லியம் பிரிட்டன் கம்பெனி செய்தவை. 1893-ல் உள்ளே கூடாக ஈயச் சிப்பாய் வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து, மலிவாக விற்று, ஜெர்மன் பொம்மைகளை இங்கிலாந்துச் சந்தையில் முறியடித்த கம்பெனி அது. அந்தச் சிப்பாய்கள் வர்ணம் தீட்டியே விற்கப்பட்டன. தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், எண்ணிக்கைக்குக் கூலி. ஒருத்தி நாள் முழுவதும் சிவப்புச் சட்டை மட்டுமே தீட்டியிருப்பாள். ஆக, அன்றைக்குக் கூலி கொடுத்து வாங்கப்பட்ட உழைப்பு இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு தரப்படும் இன்பமாகிவிட்டது. நண்பர் சொன்னது சரி. நான் காசு கொடுத்து வேலை செய்கிறேன்.

வியாபாரம் அதோடு நிற்கவில்லை. இந்தத் துறையில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் வர்ணக் குப்பிகளின் பெயர்கள். ஓவியர்களின் வர்ணங்களுக்குப் பழைய பெயர்கள் உண்டு. ஸியென்னா என்றால் இத்தாலியில் ஓர் ஊர், அந்த ஊர் மண். அல்ட்ராமரீன் என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை இடித்துச் செய்தது. பெயரைச் சொன்னால் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல் வர்ணங்களில் கறுப்பின் பெயர் அபடன் பிளாக். சிவப்பின் பெயர் மெஃபிஸ்டன் ரெட். நீர்த்த கறுப்பு நிழல்வர்ணத்தின் பெயர் நல்ன் ஆயில். நீர்த்த பழுப்பின் பெயர் அக்ராக்ஸ் எர்த்‌ஷேட். எல்லாம் அவர்களுடைய கற்பனை உலகத்தின் ஆட்களும் ஊர்களும். 2012-ல் வர்ண வரிசையையே மாற்றிப் பழைய பெயர்களை எடுத்துவிட்டார்கள். முன்பு கறுப்பு கேயாஸ் பிளாக், வெள்ளை ஸ்கல் ஒயிட். அவையும் கதைப் பெயர்கள்தான். ஆனால் மண்டையோட்டின் வெண்மை என்றால் கேட்டவனுக்கு ஏதாவது கண்ணில் தெரியும். அபடன் என்றால் அந்தக் கதை படித்தவனுக்கு மட்டும் தெரியும்.

இதனால் என்ன நஷ்டம்? கற்றுக்குட்டிக்குச் சொல்லித் தரப்படுகிறவை பெரும்பாலும் சமையல் குறிப்புகள். மேலங்கிக்கு இந்தக் குப்பி, அது காய்ந்ததும் அந்தக் குப்பி, விளிம்புக்கு இன்னொரு குப்பி. அவன் ஐம்பது சிப்பாய்களை முடித்த பிறகும் சிவப்பில் கொஞ்சம் பச்சை சேர்த்தால் சிவப்பு அடங்கும் என்று அறியாமல் இருக்க முடியும். அவனுக்கு வர்ணம் தெரியாது, சரக்கு தெரியும். குப்பி தீர்ந்தால் அதே குப்பியைத் தேடுவான். ஒரு துறைக்குப் புதிதாக வருகிறவனுக்குப் பொதுச் சொற்களைக் கொடுக்காமல் கடைச் சொற்களைக் கொடுப்பது அவன் நாக்கைக் கடைக்காரனிடம் அடகு வைப்பதுதான். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. அதனால்தான் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று, புள்ளிகள். 2020-ல் வந்த வார்ஹாமர் 40,000-இன் ஒன்பதாம் பதிப்பில் போட்டி ஆட்டத்தின் நூறு புள்ளிகளில் பத்து, படை முழுவதும் வர்ணம் தீட்டப்பட்டிருப்பதற்காக. தீட்டப்பட்டது என்பதற்குக் குறைந்தபட்சத் தகுதி ஒன்று உண்டு. முக்கிய பாகங்களுக்கு வர்ணம், அடித்தட்டுக்கு ஏதோ மண் மாதிரி ஒன்று, போதும். இதே துறையில் பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது: மூன்றடித் தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நூறு பொம்மை தீட்டி ஒரு படையை மேஜையில் நிறுத்த விரும்புகிறவனுக்கு இது நியாயமான விதி. அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றடித் தூரம் என்பது கற்றுக்கொள்கிறவனுக்கு விஷம். மூன்றடியில் எல்லோருடைய பொம்மையும் ஒன்றுபோல இருக்கும். மூன்றடியில் பிழை தெரியாது.

கடைசியாக வந்தது 2019-ல் கான்ட்ராஸ்ட் என்ற வகை வர்ணம். வெளிறிய அடிப்பூச்சின்மேல் ஒரே ஒரு பூச்சு. வர்ணம் தானாகவே பள்ளத்தில் இறங்கி இருளும், மேட்டில் மெலிந்து வெளிறும். நிழலும் வெளிச்சமும் ஒரே பூச்சில். அது பொய்ச் சரக்கல்ல, சொன்னதைச் செய்கிறது. நாள் முழுவதும் உழைத்து இரவு ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிற எத்தனையோ பேருக்கு அதனால் படை முடிந்திருக்கிறது. வாட்டர்கலர் தெரிந்தவன் கையில் அது நல்ல கருவியும்கூட. என் சண்டை அந்தத் திரவத்தோடு இல்லை. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட வாக்குறுதியோடு: இனி நீ கற்றுக்குட்டியாக இருக்க வேண்டியதில்லை. நிழல் எங்கே விழும் என்று நீ யோசிக்க வேண்டாம், பள்ளம் யோசித்துக்கொள்ளும். பள்ளத்துக்கு என்ன தெரியும்? பள்ளத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அதற்கு ஆழம் மட்டும்தான் தெரியும்.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகு, ஏன் இன்னும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நண்பர் கேட்கலாம். இரண்டாவது சிப்பாயிலிருந்து ஒன்பதாவது சிப்பாய் வரை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். அக்ரிலிக் வர்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாகப் போட வேண்டும். இரண்டு மெல்லிய பூச்சு என்பது அவர்களிடையே பழமொழி மாதிரி. கேட்டால் சுலபம். முதல் பூச்சு போட்டதும் அது திட்டுத்திட்டாக, ஏழ்மையாக, தோற்றுப்போனது போலத் தெரியும். அந்த நிமிஷம் கை தானாகக் குப்பிக்குப் போகும், இன்னும் கொஞ்சம் அப்பிவிடலாம் என்று. கையைப் பிடித்துக்கொண்டு காய விட வேண்டும். அவசரப்பட்டுப் பாதி காய்ந்ததன்மேல் பிரஷை ஓட்டினால் கீழே இருப்பதும் பெயர்ந்து வரும். அந்தப் பத்து நிமிஷம் அசிங்கமான ஒன்றை அசிங்கமாகவே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஒரு பயிற்சி. எனக்கு வேறு எதுவும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

பிறகு பிரஷ். சின்ன விஷயத்துக்குச் சின்ன பிரஷ் என்று எந்தக் கற்றுக்குட்டியும் நினைப்பான். நானும் நாலு முடி உள்ள பிரஷ் வாங்கினேன். அதில் ஒரு சொட்டு வர்ணம் நிற்பதற்குள், பொம்மையைத் தொடுவதற்குள், நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. தேவைப்படுவது வயிறு பெருத்து, நுனி கூர்ந்த பிரஷ். வயிறு வர்ணத்தைத் தாங்கும், நுனி தொடும். சின்னக் காரியத்துக்கும் பின்னால் ஒரு சேமிப்பு வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். முடி கூர்ந்தால் சரி.

அதன் பிறகுதான் வெளிச்சம். இங்கே எனக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. நான் யதார்த்தவாதியாகத்தான் ஆரம்பித்தேன். மேலங்கி சிவப்பு என்றால் எல்லா இடமும் சிவப்பு. வெளிச்சமும் நிழலும்தான் அறையிலேயே இருக்கிறதே, அது விழட்டும் என்று விட்டேன். விழவில்லை. அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள மடிப்பில் என் டியூப்லைட் வெளிச்சம் நிஜ மனிதனின் மேலங்கியில் போடும் நிழலைப் போடுவதில்லை. பொம்மை தட்டையாக, செத்துப்போய் நிற்கிறது. உயிரோடு தெரிய வேண்டுமானால் நிழலை நான் வரைய வேண்டும். வெளிச்சத்தையும் நான் வரைய வேண்டும். அதுவும் இயற்கையில் இருப்பதைவிடக் கூடுதலாக. பக்கத்தில் பார்த்தால் அபாண்டமாகத் தெரியும் வெள்ளைக் கோட்டைத் தோளில் இழுத்தால்தான் கைநீட்டும் தூரத்தில் அது தோளாகிறது. இன்னும் தேர்ந்தவர்கள் உலோகத்தைக்கூட உலோக வர்ணம் இல்லாமல் தீட்டுகிறார்கள்: சாம்பலும் வெள்ளையும் கறுப்பும் மட்டும் வைத்து ஒரு வாளைப் பளபளக்க வைக்கிறார்கள். வெள்ளி வர்ணத்தில் தீட்டிய வாளில் என் அறையின் வெளிச்சம் இருக்கும். சாம்பலில் தீட்டிய வாளில் அந்தச் சிப்பாய் நிற்கும் இடத்தின் வெளிச்சம் இருக்கும். யதார்த்தம் பற்றி நாம் இந்தப் பக்கங்களில் எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்! உள்ளதை உள்ளபடி வைத்தால் உள்ளது தெரியாது என்பது எனக்கு ஒரு பிளாஸ்டிக் தோளில்தான் புரிந்தது.

கடைசியாகக் கண். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. என் ஆரம்பச் சிப்பாய்கள் எல்லோரும் பேயைக் கண்டவர்கள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்கள். காரணம் வெள்ளை. கண்ணை வெள்ளை என்று நாம் நினைக்கிறோம்; அந்தத் தூரத்தில் ஒரு மனிதனின் கண்ணில் வெள்ளை தெரிவதே இல்லை. குழியைக் கறுப்பாக்கி, அதில் அழுக்குவெள்ளையில் ஒரு கீற்று, அதன் நடுவில் மறுபடி ஒரு கறுப்புக் கோடு. சுற்றிலும் தோல் வர்ணத்தால் அரித்துக்கொண்டு வந்து கண்ணைச் சின்னதாக்க வேண்டும். நம் ஊர்ச் சிற்பி கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறான்; அதற்கு நாளும் நேரமும் உண்டு. இங்கே பலரும் சொல்லும் புத்தி நேர்மாறு: கண்ணை முதலில் தீட்டு, அப்போதுதான் தப்பினால் சுற்றியுள்ளதை வைத்துத் திருத்த முடியும். சிற்பிக்குக் கண் ஒரு நிறைவு. கற்றுக்குட்டிக்குக் கண் ஒரு ஆபத்து, அதை முதலிலேயே சந்தித்துவிடுவது நல்லது. இரண்டும் சரி என்றே நினைக்கிறேன். யார் சிற்பி, யார் கற்றுக்குட்டி என்று தெரிந்திருந்தால் போதும்.

என் பிழைப்பு வங்கியில். அங்கே பிழைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. தவறான கணக்கில் பணம் வைத்தால் எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்யலாம். மாலையில் கையிருப்பு குறைந்தால் என் பையிலிருந்து போடலாம். இரவு எட்டு மணிக்கு அந்தப் பிழை நடந்த சுவடே இருக்காது. இருக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் தர்மம். பொம்மையில் எதிர்ப்பதிவு கிடையாது. தப்பாகப் போட்ட வர்ணத்தின்மேல் இன்னொரு வர்ணம் போடலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு தடிமன். திருத்தத் திருத்த முகம் மழுங்கும். எத்தனை தடவை திருத்தலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது யாரும் குறிப்பெழுதித் தர முடியாத அறிவு. அது பிழைகளை அடுக்கிப் பார்த்தவனுக்கு மட்டும் வரும். ஆகவே கற்றுக்குட்டியின் பிழைதான் அவனுக்கு உள்ள ஒரே சொத்து என்கிறேன். சமையல் குறிப்பும் மூன்றடித் தூரமும் ஒற்றைப் பூச்சும் அவனுக்கு உதவி செய்கிற பாவனையில் அந்தச் சொத்தைத்தான் எழுதி வாங்கிக்கொள்கின்றன.

இதை ஏன் நாட்டிங்ஹாமுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

நம் வட்டத்தில் கற்றுக்குட்டி என்று ஒரு ஜாதியே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் கவிஞர்களாகவே வந்து சேர்கிறார்கள். முதல் கவிதை அச்சாகிறது, பத்தாம் கவிதைக்குள் தொகுப்பு, தொகுப்புக்கு ஒரு முன்னுரை, முன்னுரையில் 'தனித்துவமான குரல்'. அந்தக் குரலை எடுத்துப் பாருங்கள். ஒரு ஜன்னல், அதன்மேல் மழை, உள்ளே ஒரு தனியன், வெளியே ஒரு செத்த பறவை, கடைசி வரியில் மௌனம். அடிப்பூச்சு, நிழல், விளிம்பு வெளிச்சம். மூன்றடித் தூரத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நாமும் மூன்றடித் தூரத்தில் நின்றே படிக்கிறோம், ஏனென்றால் நாளை நம் தொகுப்பை அவர் அதே தூரத்தில் நின்று படிக்க வேண்டும். வாசகர்கள் முந்நூறு பேர். அந்த முந்நூறு பேருக்குள் ஒருவருக்கொருவர் பத்துப் புள்ளி போட்டுக்கொள்கிறோம்.

விமர்சகர்கள் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் 'அந்நியமாதல்' என்ற குப்பியை வைத்துக்கொண்டு கையில் கிடைத்த நாவலுக்கெல்லாம் ஒரு பூச்சு கொடுத்தேன். அது தீர்ந்ததும் 'கட்டுடைத்தல்' வாங்கினேன். பள்ளத்தில் தானாக இறங்கி இருண்டுகொள்ளும் சொற்கள். நாவலில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நான் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெயர் தெரியும், பொருள் தெரியாது. வர்ணம் தெரியாது, சரக்கு தெரியும். மேலே ஒரு கம்பெனியைத் திட்டி எழுதிய அந்த வாக்கியத்தை என் பழைய கட்டுரைகள் எதன் தலையிலும் தலைப்பாகப் போடலாம். அந்தக் கட்டுரைகளை நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருவர்கூட, உன் பூச்சு தடித்திருக்கிறது, முகம் தெரியவில்லை என்று சொல்லவில்லை. பொம்மை சொன்னது.

கவிஞரே, குழந்தைத்தனம் பற்றிச் சொன்னீர்கள். தன் குறை கண்ணில் படாதது குழந்தைத்தனம் என்று மேலே எழுதினேன். உங்கள் கடைசித் தொகுப்பில் எத்தனை கவிதைகளை நீங்கள் தோற்றவை என்று ஒப்புக்கொள்வீர்கள்? ஒன்று? நான் என் ஒன்பது பொம்மைகளில் ஒன்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தோற்றது என்று விரல் வைத்துக் காட்டவும் என்னால் முடியும்.

தோழரே, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. பெட்டியை விற்றவனுக்கு லாபம். ஆனால் பிரிட்டன் கம்பெனியில் சிவப்புச் சட்டை தீட்டிய பெண்ணுக்குத் தன் பிழையை வைத்துக்கொள்ளும் உரிமை இருந்ததா? கோணலாகப் போன சட்டை கழிவு; அவ்வளவுதான். என் பகல் வேலையிலும் எனக்கு அந்த உரிமை இல்லை. உங்கள் ஆபீசில் உங்களுக்கும் இருக்காது. ராத்திரி ஒரு மணி நேரம், மேஜை விளக்கடியில், நான் கெடுத்ததை நானே வைத்துக்கொண்டு ஏன் கெட்டது என்று பார்க்க முடிகிறது. இதை அவன் பெட்டியில் போட்டு விற்கவில்லை. அவன் விற்க விரும்புவது இதற்கு நேர்மாறானதை. இது நான் அந்தப் பெட்டியிலிருந்து திருடிக்கொண்டது.

தோற்ற பொம்மையைச் சாராயத்தில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால், வர்ணமெல்லாம் உரிந்து மறுபடி பிளாஸ்டிக் ஆகிவிடும் என்கிறார்கள். நான் என் முதல் சிப்பாயை அப்படிச் செய்யவில்லை. இட்லி மாவு முகத்தோடு அவன் அலமாரியில், என் பழைய கட்டுரைகள் வந்த இதழ்களின் பக்கத்திலேயே நிற்கிறான். ஒன்பதாவது சிப்பாய்க்குக் கொக்கி இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன. கண் இன்னும் சரியாக வரவில்லை.

பெட்டியில் ஒரு சிப்பாய் மிச்சம் இருக்கிறான். அடிப்பூச்சு போட்டு வைத்திருக்கிறேன். நல்ல பிரஷ் இரண்டு இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம். முதலில் உட்கார்ந்து அவன் கண்ணைத் தீட்டுங்கள்.